இடப்பக்கப் பெட்டி

திருவள்ளுவர் ஆண்டு 2049, மார்கழி 5, வியாழன்

மன்றத்துக் கிடங்கில் நெல்மூட்டைகளுக்குப் பின்னே கிடந்த இரு தேக்குப் பெட்டிகளையும் இன்று தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நற்றமிழ் மன்றத்தின் முதல் மாநாட்டுக்கென்றே செய்வித்த ஒலிபெருக்கிப் பெட்டிகள் இவை. இடுப்புயரம், இரண்டாள் சுமை. என் குரல் இவற்றின் வழியாகத்தான் அருப்புக்கோட்டையைத் தாண்டிற்று.

செயலாளர் தென்னவன் கிடங்கு வாசலில் நின்று திறவுகோலைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"ஐயா, இதெல்லாம் இனி எதுக்குங்கய்யா? எபினேசர் புது செட்டு எறக்கியிருக்காரு. போன்லயே சவுண்ட கூட்டிக் கொறைக்கலாம்."

"குறைக்கலாம் என்பதை நான் அறிவேன்" என்றேன். அவன் தலை குனிந்துகொண்டான்.

பேசி முடித்தது இதுதான். தை ஆறாம் நாள் மன்றத்தின் ஆண்டுவிழா. தை மூன்றாம் நாள் தென்னவன் வந்து பெட்டிகளைக் கேட்டுப் பார்ப்பான். ஒலி தூய்மையாக இருந்தால் விழாவுக்கு இவையே. என் உரைக்கு நேர எல்லை இல்லை. இல்லையேல் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் எபினேசரின் கருவிகள், எனக்கு இருபது மணித்துளிகள்.

மாலையில் இணைத்துப் பார்த்தேன். வலப்பக்கப் பெட்டி பழுதில்லை. இடப்பக்கப் பெட்டி என் உரையின் ஓரிடத்தில் தகரத்தின்மேல் மணல் கொட்டுவதுபோல் கரகரவென்று அதிர்ந்தது. திருகாணி ஒன்று தளர்ந்திருக்கும். நாளை முடித்துவிடலாம்.

மார்கழி 6, வெள்ளி

பின்பலகையைக் கழற்றினேன். இருபத்து நான்கு திருகாணிகள். அவற்றுள் ஒன்பது துருவேறித் தலை மழுங்கியவை. உள்ளே மூன்று கரப்பான் பூச்சிகளின் கூடுகளும், சுருட்டப்பட்ட ஒரு பழைய துண்டறிக்கையும் இருந்தன. அறிக்கையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இதுதான் அதிர்ந்திருக்கிறது என மகிழ்ந்து எடுத்து வைத்தேன். புதிய திருகாணிகளை முறுக்கினேன்.

அதிர்வு அப்படியே இருக்கிறது.

மார்கழி 8, ஞாயிறு

விடியலில் கோயில் கூம்பு ஒலிபெருக்கி ஊரையே எழுப்பிற்று. ஒரு கரகரப்பு இல்லை. பக்திக்கு ஓட்டையில்லாத கருவி வாய்க்கிறது. பகுத்தறிவுக்கு இந்தப் பெட்டி.

எபினேசரை அழைத்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்று என் இல்லாள் தாமரை சொன்னாள். அழைக்க மாட்டேன். ஏன் என்பதை எழுதியே வைக்கிறேன். எழுதாவிட்டால் நானே மறந்து மன்னித்துவிடக்கூடும்.

சென்ற ஆண்டு விழாவில் நான் முழங்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் மூச்சடங்கிக் கிடந்தது. என் வாழ்நாளில் அப்படியோர் அமைதியை நான் கண்டதில்லை. உருகிப் போய் இன்னும் பேசினேன். வீடு திரும்பும் வழியில் தாமரை சொன்னாள்: "கடைசி இருவது நிமிஷம் உங்க குரலு எங்களுக்குக் கேக்கவே இல்லங்க." மேடையில் என்னை நோக்கி வைத்திருந்த சிறு பெட்டியை மட்டும் முழு ஒலியில் விட்டுவிட்டு, கூட்டத்தை நோக்கியிருந்தவற்றை எபினேசர் சிறுகச் சிறுகக் குறைத்திருக்கிறான். தென்னவன் கை காட்டியிருக்கிறான். நான் எனக்கே சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகவே என் பெட்டிகள். ஒலியைப் பெருக்கும் என் மிகைப்பி. குறைக்கும் குமிழ் என் கையில்.

மார்கழி 9, திங்கள்

முகப்புத் துணியைக் கிழித்துப் புதுத்துணி அறைந்தேன். பயனில்லை.

இடர் என்னவென்று இன்று விளங்கிற்று. நான் பேசினால்தான் பெட்டி அதிர்கிறது. எங்கே அதிர்கிறது என்று பார்க்கப் பெட்டியருகே சென்றால் பேச்சு நின்றுவிடுகிறது; அதிர்வும் நின்றுவிடுகிறது. பெட்டியருகே ஒலிவாங்கியை எடுத்துச் சென்று பேசினால் ஊளையிடுகிறது. எனவே நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசவேண்டும். மற்றொருவர் கூடத்தில் பெட்டியின்மேல் கை வைத்துப் பார்க்கவேண்டும். எந்த இடத்தை அழுத்தும்போது அதிர்வு அடங்குகிறதோ அதுவே பழுதான இடம்.

இந்த வீட்டில் மற்றொருவர் என்றால் தாமரைதான்.

"நான் என்னத்தங்க கண்டேன் இதையெல்லாம்" என்றாள். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தோசைக்கல்லின் சூடு பார்ப்பவள்போல் உள்ளங்கைகளைப் பெட்டியின்மேல் வைத்தாள்.

நான் உள்ளே சென்று அதிர்வு எழும் பகுதியைப் பேசினேன். அது என் உரைகளின் மணிமுடி. தார்பூசும் போராட்ட நாளில் என்னைச் சிறைப்படுத்திய காட்சி. இதை நான் எழுநூறு மேடைகளிலாவது சொல்லியிருப்பேன். மேடையில் 'தோழி' என்றால் தாமரைதான்.

"வாசலிலே காவல் வண்டி. வீட்டுக்குள்ளே நிறைமாதத்தில் என் தோழி. கலங்கினாளா? கண்ணீர் உகுத்தாளா? இல்லை தோழர்களே. கதவைத் தானே திறந்துவிட்டுச் சொன்னாள்: சென்று வாருங்கள். தமிழ் தழைத்தால் நம் பிள்ளை தழைக்கும்."

'தமிழ் தழைத்தால்' என்னுமிடத்தில் குரலை அடிவயிற்றுக்கு இறக்குவேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். சரியாக அவ்விடத்தில்தான் பெட்டி கரகரக்கிறது. சொல்லே விளங்காதபடி நொறுக்கிவிடுகிறது.

கதவைத் திறந்து "எங்கே?" என்றேன்.

"எல்லா எடமும்தான் அதிருது" என்றாள்.

மார்கழி 10, செவ்வாய்

பதினான்கு முறை பேசினேன். மேற்பலகையா, பக்கப்பலகையா, கைப்பிடியா என்று ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னேன். ஒன்பதாம் முறைக்குப் பிறகு சற்று நேரம் விடை வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன்; பெட்டியின் பின்புறம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கிடைத்ததா?"

"இல்லங்க. காலு மரத்துப் போச்சு."

மார்கழி 12, வியாழன்

கைப்பிடிகளைக் கழற்றித் தோல் வைத்துப் பூட்டினேன். அதிர்கிறது.

மார்கழி 16, திங்கள்

காகிதக் கூம்பே கிழிந்திருக்கலாம் என்ற ஐயத்தில் அதைக் கழற்றித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பேருந்தில் சென்றேன். கடைக்காரர் விரல் நுனியால் கூம்பைத் தள்ளிப் பார்த்தார். காதருகே வைத்தும் பார்த்தார்.

"கோன் நல்லா இருக்கு சார். பெட்டியிலதான் எங்கயோ ஆடுது. எத வச்சு டெஸ்ட் பண்றீங்க?"

"என் சொற்பொழிவை வைத்து."

"பேச்சா?" என்றவர் அருகிலிருந்தவரைப் பார்த்தார். "பேச்ச வச்சு எப்பிடி சார் பிடிப்பீங்க? அது ஒரு எடத்துல நிக்காதே. ஒரே ஒரு சத்தம் விடணும், 'உம்ம்ம்'னு. கீழயிருந்து மெல்ல ஏத்திக்கிட்டே வந்தா ஆடுற எடத்துல பிடிச்சுக்கும். அப்பறம் கை வச்சா அஞ்சு நிமிஷ வேல."

"பொருளற்ற ஒலியை எழுப்பிப் பழக்கமில்லை" என்றேன்.

"அப்ப நாளாகத்தான் செய்யும் சார்" என்றார்.

அருகிலிருந்தவர் சிரித்தார். கூம்பைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தப் பெட்டி பேசுவதற்குச் செய்தது, முனகுவதற்கு அன்று. எந்தச் சொல்லில் நோய் வருகிறதோ அந்தச் சொல்லைக் கொண்டே நோயைப் பிடிப்பேன்.

மார்கழி 18, புதன்

கூம்பை மீண்டும் பூட்டினேன். அதிர்கிறது.

மார்கழி 20, வெள்ளி

இன்று இருபத்திரண்டு முறை. தொண்டை கட்டிவிட்டது.

தாமரை பெட்டியின்மேல் கைகளை வைத்தபடியே கேட்டாள்: "அந்த வரிய விட்டுட்டுப் பேசிப் பாருங்களேன்."

பேசினேன். நாற்பது மணித்துளிகள், தொடக்கம் முதல் முடிவு வரை, அவ்வரி ஒன்று நீங்கலாக. பெட்டி துளியும் அதிரவில்லை.

"பாத்தீங்களா" என்றாள். "பெட்டி நல்லாத்தான் இருக்கு."

"காலை வெட்டிவிட்டால் செருப்பு கடிக்காது என்கிறாய்."

"வேற ஒரு வரி போடக்கூடாதா? நீங்க நெனச்சா நூறு வரி வருமே."

நான் விளக்கினேன். ஒரு சொற்பொழிவுக்கு உச்சி ஒன்றுதான். மக்கள் அதைக் கேட்கவே வருகிறார்கள். அவ்வரியால் அவளுக்கும் பெருமை. எத்தனை ஊர்களில் எத்தனை தாய்மார்கள் அவளை நினைத்து விழி நனைந்திருப்பார்கள். இதையெல்லாம் சொன்னேன். அவள் எழுந்து சென்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

மார்கழி 22, ஞாயிறு

பலகை இணைப்புகள் அனைத்திலும் வெளியிலிருந்தே தச்சுப் பசை ஊற்றினேன். காய இரண்டு நாள். வீடெங்கும் நாற்றம்.

மார்கழி 24, செவ்வாய்

காய்ந்தது. அதிர்கிறது. பசை ஊற்றிய பின் முன்னினும் மிகுதியாக அதிர்கிறதோ என்றும் தோன்றுகிறது. கோபத்தில் ஒரு குத்து விட்டேன். விரல் மூட்டு வீங்கியிருக்கிறது. ஆகவே கையெழுத்து இப்படி.

தாமரை மஞ்சள் பற்று போட்டாள். "பெட்டிய அடிச்சா அது என்ன செய்யும்" என்றாள்.

மார்கழி 27, வெள்ளி

அழைப்பிதழ் வந்துவிட்டது. 'நாவேந்தர் நலங்கிள்ளி, சிறப்புரை, 20 மணித்துளிகள்.' தை மூன்று வரட்டும் என்றவன் மார்கழியிலேயே அச்சடித்துவிட்டான். தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"சும்மா போட்டதுங்கய்யா. பெட்டி சரியாயிட்டா நீங்க எம்புட்டு நேரம்னாலும் பேசுங்க. யாரு கேக்கப் போறா."

இறுதி மூன்று சொற்களை அவன் என்ன கருத்தில் சொன்னான் என்று பகல் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்கழி 30, திங்கள்

போகி. பழைய பாய், உடைந்த துடைப்பம், பூச்சியரித்த முறம் ஆகியவற்றைத் தாமரை வாசலில் குவித்தாள். பிறகு இடுப்பில் கைவைத்து இடப்பக்கப் பெட்டியை நோக்கினாள்.

"இதையும் சேத்துரலாமா?"

நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

திருவள்ளுவர் ஆண்டு 2050, தை 1, செவ்வாய்

தமிழ்ப் புத்தாண்டு. பொங்கல் பொங்கியது. பெட்டி அதிர்கிறது.

தை 2, புதன்

எபினேசரை நானே அழைத்தேன். இதைவிடத் தாழ இறங்க ஓர் உரையாளனுக்குப் படியில்லை.

கையில் ஒரு தொலைபேசி, சட்டைப்பையில் ஒரு திருப்புளி, இவ்வளவே. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"போன வருஷத்துக்கு மன்னிச்சுக்கங்கய்யா. செயலாளரு கையக் காட்டுனாரு, நான் கொறைச்சேன். வாடகைக்குப் போறவன் என்ன செய்ய?"

"வந்த வேலையைப் பார்" என்றேன்.

தொலைபேசியைப் பெட்டியோடு இணைத்தான். வண்டு உறுமுவதுபோல் ஒரே ஒலி. விரலால் மெல்ல ஏற்றினான். ஓரிடத்தில் பெட்டி கரகரவென்று பிடித்துக்கொண்டது. ஒலியை அங்கேயே நிறுத்திவிட்டுக் கைகளால் பெட்டியைத் தடவிக்கொண்டே குனிந்தான், மண்டியிட்டான், பின்பக்கத்து அடிமூலையில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். கரகரப்பு நின்றது. கையை எடுத்தான், வந்தது. மீண்டும் வைத்தான், நின்றது.

"உள்ள குறுக்குச் சட்டம் பசை விட்டுருச்சுங்கய்யா. பலகைக்கும் சட்டத்துக்கும் தாளு கனம் எடவெளி. அம்புட்டுதான்" என்றவன் தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தான். "அதான் இங்க ஏற்கெனவே அடையாளம் வச்சுருக்கீங்களே. அப்பறம் எதுக்கு என்னையக் கூப்புட்டீங்க?"

நானும் மண்டியிட்டுப் பார்த்தேன். அவன் கை வைத்திருந்த இடத்தில் கரிக்கோலால் சிறியதொரு பெருக்கல் குறி. பால் வாங்காத நாள்களுக்கு நாட்காட்டியில் தாமரை போடும் குறி. இடக்கோடு நீண்டு, வலக்கோடு குட்டையாக.

எபினேசரைப் பசையும், பலகையைப் பிடித்துவைக்கும் இறுக்கியும் வாங்கிவர அனுப்பினேன். அடுக்களைக்குச் சென்றேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குள் நடந்ததைச் சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"எப்போது கண்டுபிடித்தாய்?"

"ரெண்டாம் நாளே."

"மூன்று வாரமாக நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கை வீங்கிப் போனது. மதுரை வரை சென்று அவமானப்பட்டு வந்தேன். ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா சரி பண்ணிருவீங்க. சரி பண்ணுனா அந்த வரி நல்லாக் கேக்கும்."

"குறி எதற்கு?"

"கை தப்பித் தவறி அங்க பட்டுறக் கூடாதேன்னுதான். பட்டா அதிராது. நீங்க உள்ள இருந்து கேட்டுட்டு ஓடி வந்துருவீங்க."

அவள் அவரையை உரிப்பதை நிறுத்தவில்லை. நான் பேசினேன். அந்த வரி தமிழினத்தின் உடைமை என்றேன். உன்னை ஒரு காவியத் தலைவியாக உயர்த்தியிருக்கிறேன் என்றேன்.

"நான் அப்பிடிச் சொல்லவே இல்லையேங்க."

"சொல் முக்கியமன்று. உன் உள்ளத்தின் கருத்து அது."

"கூட்டத்துல நீங்க அதச் சொன்னதும் பொம்பளைக எல்லாம் என்னையத் திரும்பிப் பாக்குறாங்க. நான் சிரிச்ச மாதிரி உக்காந்துருக்கணும். நாப்பது வருஷமா உக்காந்துருக்கேன். போன வருஷந்தான் எபினேசர் புண்ணியத்துல அந்த எடம் கேக்கல. நிம்மதியா இருந்துச்சு." அடுத்த காயை எடுத்தாள். "தழைக்கும்னு சொல்றீங்க. எல்லாரும் கை தட்டுறாங்க. தழைக்கலையே."

நான் சிறையிலிருந்து நாற்பத்திரண்டாம் நாள் வந்தபோது பிள்ளை இல்லை. இதை இந்தக் குறிப்பேடுகள் எதிலும் நான் எழுதியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

"நீ அன்று என்னதான் சொன்னாய்?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு நான் யாரு கூடப் போறதுன்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"வண்டி கெளம்பிருச்சு" என்றாள்.

எபினேசர் பசையோடு வந்துவிட்டான்.

தை 3, வியாழன்

சட்டம் இறுகிவிட்டது. தென்னவன் வந்து கேட்டான். உள்ளறையில் நின்று அவ்வரியைப் பேசினேன். ஒவ்வோர் எழுத்தும் மணிபோல் வந்தது. கூடத்துக்கு வந்தபோது தென்னவன் கைதட்டினான்.

"பிரமாதம்ங்கய்யா. அப்ப இந்தப் பெட்டிதான். நேரமெல்லாம் உங்க விருப்பம்."

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தாமரை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கூடத்தில் முக்காலி அப்படியே கிடக்கிறது. எடுத்துப் போட மனமில்லை.

தை 4, வெள்ளி

அவ்வரிக்கு மாற்று எழுத முயன்றேன். பதினேழு எழுதினேன். மொழியைப் பற்றி ஆறு, மானத்தைப் பற்றி நான்கு, ஞாயிறு எழுவதைப் பற்றி ஏழு. அனைத்தும் தக்கை. எவன் பேசினாலும் பொருந்தும் வரிகள். கிழித்துவிட்டேன்.

அந்த வரியையே பேசினால் என்ன? பொய்யென்று சொல்லவல்லவள் ஒருத்திதான். அவள் சொல்ல மாட்டாள். நாற்பதாண்டு சொல்லாதவள்.

இதை எழுதிய பின் மீண்டும் ஒருமுறை படித்தேன். அடித்துவிடலாமா என்று எண்ணினேன். இருக்கட்டும்.

தை 5, சனி

"நாளை வருகிறாயா?" என்று கேட்டேன்.

"வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்க" என்றாள்.

தை 7, திங்கள்

நேற்று எழுத இயலவில்லை. இப்போது காலை ஏழு மணி.

மூன்று பேர் எனக்கு முன் பேசினார்கள். இரு பெட்டிகளும் மேடையின் இருமருங்கும் நின்று முழங்கின. குமிழ் என் வலக்கைப் பக்கம் இருந்தது; எவனும் தொட முடியாது. தாமரை பெண்கள் வரிசையில் நான்காம் நாற்காலி. சாம்பல் நிறச் சேலை.

தொடங்கினேன். குரல் வந்தது, மூன்று வாரம் கத்திக் கத்திப் பழுத்த குரல். கூட்டம் என் பின்னே வந்தது. போராட்டத்துக்கு வந்தேன். தார் வாளியைச் சொன்னேன். காவல் வண்டி வாசலில் நின்றது. நிறைமாதத்தில் என் தோழி என்றேன். வழக்கம்போல் நான்கைந்து பெண்கள் திரும்பித் தாமரையைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்து நின்றது. எழுநூறு மேடைகளில் அது எனக்குச் சிரிப்பாகவே தெரிந்திருக்கிறது.

கலங்கினாளா என்று கேட்டேன். கண்ணீர் உகுத்தாளா என்று கேட்டேன். நாற்பதாண்டுப் பழக்கத்தில் 'இல்லை தோழர்களே' என்பது நாவின் நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்குவதற்கு எத்தனை நொடி ஆனதென்று தெரியவில்லை. தென்னவன் ஒலிவாங்கி அறுந்துவிட்டதோ என்று எழுந்து கம்பியைப் பார்த்தான்.

"கலங்கினாள்" என்றேன். "இத்தனை ஆண்டு உங்களிடம் நான் சொன்னதை அவள் சொல்லவில்லை. அவள் என்னைக் கேட்டது ஒன்றுதான்." குரலை இறக்கினேன். "ஆஸ்பத்திரிக்கு நான் யாரு கூடப் போறது?"

பெட்டிகள் அதிரவில்லை. கடைசி வரிசைவரை தெளிவாகச் சென்றிருக்கும்.

எவரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். நகைச்சுவைக் கதை ஏதோ தொடர்கிறது என்று காத்திருந்திருப்பார். நானும் காத்திருந்தேன், அடுத்த சொல் வருமென்று. வரவில்லை. "நான் விடை சொல்லாமல் வண்டியில் ஏறிவிட்டேன்" என்று மட்டும் சொல்லி, வணக்கம் கூறி இறங்கிவிட்டேன். எல்லையில்லாத நேரம் பெற்றவன் பதினெட்டு மணித்துளிகளில் இறங்கிவிட்டதாகத் தென்னவன் பிறகு சொன்னான். அவன் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை.

"என்னங்கய்யா இப்பிடிப் பண்ணிட்டீங்க. அந்த எடத்துக்காகத்தான வீடியோவே வச்சோம்."

தாமரையின் பக்கம் செல்ல எனக்குத் துணிவில்லை. கம்பிகளைச் சுற்றுவதுபோல் பெட்டியருகே நின்றுகொண்டேன். விழாவுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்த சுப்புத்தாய் என்னும் பெண், ஏனங்களை அடுக்குவதை விட்டுவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே தாமரையிடம் வந்தாள். நாற்காலியை அவள் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பறம் யாரு கூடத்தான்க்கா போனீங்க?"

தாமரை அவளைப் பார்த்தாள். பிறகு ஒருமுறை என் பக்கம் பார்த்தாள். அந்த முகத்தை எனக்கு முன்பின் தெரியாது.

"யாரும் இல்லம்மா. ஏழு மணி பஸ்ல தனியாத்தான் ஏறுனேன். கண்டக்டரு டிக்கட்டு வாங்கல. வழியில பாலையம்பட்டிகிட்ட வலி எடுத்துருச்சு. பஸ்ஸ நிப்பாட்டிட்டு ஆம்பளைக எல்லாத்தையும் எறக்கி விட்டுட்டாரு..."

அதற்குள் எபினேசர் ஆள்களோடு வந்து பெட்டியைத் தூக்கச் சொன்னான். தூக்கினேன். வண்டியில் ஏற்றித் திரும்பி வந்தபோது சுப்புத்தாய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தாமரை சொல்லி முடித்திருந்தாள்.

இதை எழுதிக்கொண்டே, கூடத்து முக்காலியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த தாமரையிடம் கேட்டுவிட்டேன். பாலையம்பட்டிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று.

சீப்பிலிருந்து முடியை எடுத்து விரலில் சுற்றினாள்.

"எழுதிக்கிட்டே கேட்டா சொல்ல மாட்டேன்" என்றாள். "அத மூடி வச்சுட்டு வாங்க."